தேன் ஆகாத தேன் வியாபாரி

வெள்ளைக்காரன் காலத்தில் நாங்கள் கொல்லிமலையில் குடியிருந்தோம். மலைத்தேனை வாங்கி வீடுவீடாக விற்கும் சாயபு ஒருவர் அங்கே வருவார். மருதாணியில் சிவந்த தாடி. யார் தேன் கேட்டாலும், ஒரு சொட்டை உதட்டில் தடவச் சொல்லிக் காத்திருந்து பார்த்த பிறகே தருவார்.

காய்ச்சலில் மெலிந்திருந்த என் மனைவி தெம்புக்காகக் கேட்டாள். தடவிய சற்று நேரத்தில் அவள் உதடு தடித்துவிட்டது. சாயபு புட்டியை மூடி எடுத்து வைத்துக்கொண்டார்.

"வேண்டாந் தங்கச்சி, உங்களுக்கு ஆகாதுங்க. எனக்கும் இப்படித்தான். ஒருக்கா நக்கிப் பாத்து, மூச்சடைச்சுப் பொழைச்சேனுங்க."

"அப்புறம் ஏனுங்க இதையே விக்கறீங்க?"

"எம்பொண்ணுக்கு இருமல் இதுலதானுங்க தணிஞ்சுது."

தன் உயிரை எடுக்கப் பார்த்த தேனை அவர் அவ்வளவு பிரியமாகத் தூக்கிக்கொண்டு போனதை இன்றும் வியப்போடுதான் நினைத்துக்கொள்கிறேன்.