பின்பக்க ஷாக்கும் ஒரு சந்தேகப் பிராணியும்

போன வியாழக்கிழமை பவானிபூரில் ஒரு மெக்கானிக் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பௌதி, உங்க வண்டிக்கு ஒண்ணும் வாங்க வேண்டாம். வீட்டுக்குப் போங்க."

பௌதி என்றால் வங்காள மொழியில் அண்ணி. அது இருக்கட்டும், நீங்களே சொல்லுங்கள்... எந்த கராஜிலாவது இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கிறீர்களா? விற்க வேண்டிய மனிதர் வேண்டாம் என்கிறார் என்றால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது!

என் காரைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நிறைய அளந்திருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒருமுறை. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நான் வாங்கிய சிவப்பு டர்போ செடான் அது. இந்த வயதில் இவ்வளவு வேகமான காரா என்று ஜாதவ்பூரில் எங்கள் அபார்ட்மென்ட்டே வாயைப் பிளந்தது. பிளக்கட்டும். ஞாயிறு விடியற்காலையில் ஹைவேயில் அதன் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது எனக்கு முப்பது வயது குறைகிறது. எனக்கே எனக்கென்று நான் வாங்கிக்கொண்ட முதல் சந்தோஷம்.

அந்தக் காரின் பின்பக்கம்தான் மூன்று வாரமாகச் சரியில்லை. வளைவில் திருப்பினால் பின்புறம் சோம்பலாக, ஒரு நொடி தாமதித்து வருகிறது. நிறுத்தி வைத்தால் பின்னால் தாழ்ந்து நிற்கிறது. ஷாக் அப்ஸார்பர் போய்விட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பழைய ரகமே எதற்கு? நல்ல இறுக்கமான ஸ்போர்ட்ஸ் ரகமாகப் போட்டால் வளைவில் ஒட்டிக்கொண்டு போகுமே!

அந்த ஆசையோடுதான் தபன்-தாவிடம் போனேன். அவர்தான் அந்த மெக்கானிக்; தா, தாதா என்றால் இங்கே அண்ணன். காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி அழுத்தி விட்டார். படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்தபடி வங்காள மொழியில் சொன்னார்.

"ஷாக் நல்லா இருக்கு. எண்ணெய்கூடக் கசியல. லோடுதான் ஜாஸ்தி. டிக்கியில என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே. டிக்கி என் இலாகா இல்லை. எங்கள் வீட்டில் மார்க்கெட் போவதும் பை தூக்குவதும் என் வீட்டுக்காரர். அதை நான் திறந்தே மாதக்கணக்கில் ஆகிறது. கத்திரிக்காய் கனத்துக்கா கார் சாயும்?

அப்போதுதான் அந்த 'வீட்டுக்குப் போங்க'. சரிதான், பொம்பளை என்று தட்டிக் கழிக்கிறார்... இல்லை, இந்த வேலையே இவருக்குத் தெரியாது... இரண்டில் ஒன்று என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்தது, சோபாவும் ஏசியும் போட்ட ஒரு பெரிய கடை. சுவர் முழுக்க ரேஸ் கார் படம். விற்பனையாளர் காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "சார் எப்ப வருவார், மேடம்?"

"எந்த சார்?"

"வண்டி ஓனர்."

முறைத்தேன். மனிதர் சுதாரித்துக்கொண்டார். காரை ஒருமுறை பார்த்தார். குனியக்கூட இல்லை! "ஷாக் சுத்தமா போச்சு, மேடம். இருக்கறதிலேயே இறுக்கமான செட் போட்டுடலாம். காரை இன்னும் ரெண்டு இன்ச் இறக்கிடலாம்" என்றார். குனியாமலே எப்படித் தெரிந்தது என்று சந்தேகம் வந்ததா? வந்தது. ஆனால் நான் நினைத்ததையே சொல்லிவிட்டாரே! என்னைப் போன்ற சந்தேகப் பிராணிகளை இப்படித்தான் சுலபமாகக் கவிழ்க்கிறார்கள். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பதறிப்போனார்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப? வண்டி நல்லாத்தானே இருக்கு?"

நல்லா இருக்கா? யார் சொல்வது? கிடர்பூரில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் முப்பது வருஷம் ஆபீஸராக இருந்தவர் இவர். கம்பெனி கார், கம்பெனி டிரைவர். அந்தப் பழக்க தோஷம், என் காரிலும் பின் சீட்டில்தான் உட்காருவார். சிக்னலில் பார்க்கிறவர்கள் என்னை டிரைவர் என்று நினைக்கிறார்கள். டிராம் தண்டவாளம் வந்தால் "அம்மாடி" என்பார். ஸ்பீட் பிரேக்கர் வந்தால் "ஐயோ" என்பார். சும்மா நடிக்கிறார் என்று நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். அப்பேர்ப்பட்டவர் மூன்று வாரமாக வாயே திறக்கவில்லை!

இன்னொன்றும் உறுத்தியது. தினமும் காலையில் கார் சாவியை வாங்கிக்கொண்டு கீழே போகிறார். கேட்டால், "சும்மா துடைக்கலாம்னு..." என்று இழுக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளரைத் துடைத்து வைத்ததில்லை. திருட்டுத்தனமாக டிரைவிங் கற்றுக்கொள்கிறாரா? அதுவும் என் காரிலா? பின்பக்கம் கெட்டதே அதனால்தானா? அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பெரிய கடைக்குப் போனேன். பின்பக்க ஷாக்கின் மேல் நட்டைக் கழற்ற வேண்டுமென்றால் டிக்கிக்குள்ளிருந்துதான் கை விட வேண்டுமாம். விற்பனையாளரே திறந்தார். உள்ளே எங்கள் வீட்டுப் பழைய பெட்ஷீட். அதைத் தூக்கினால்... மூன்று மூட்டை இட்லி அரிசி. மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ.

"மேடம் கேட்டரிங் பண்றீங்களா?" என்றார் அவர்.

எழுபத்தைந்து கிலோ! ஒரு முழு ஆளைச் சுமந்துகொண்டு அல்லவா என் கார் வளைவில் திரும்பியிருக்கிறது! ஒரு நட்டில்கூடக் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே வீட்டுக்கு ஓட்டினேன். தபன்-தாவை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"டிக்கியில அரிசி எதுக்குங்க?"

பேப்பர் இறங்கவில்லை. "மலிவா கிடைச்சுது."

"நிஜத்தைச் சொல்லுங்க."

பேப்பர் இறங்கியது. "உன் வண்டி பின்னால ரொம்பத் தூக்கிப் போடுது, ரமா. முதுகு தாங்கல. டாக்டரைப் பார்த்தேன். டிஸ்க் தேஞ்சிருக்காம். கிடர்பூர்ல தினம் பார்த்திருக்கேனே, காலி லாரி குதிச்சுக்கிட்டே போகும், லோடு ஏத்தினது மெத்துனு போகும். அதான் கொஞ்சம் லோடு ஏத்தினேன். இப்ப பரவாயில்ல."

"முதுகுவலியோட மூட்டையை நீங்களா தூக்கினீங்க?"

"சேச்சே. தர்வான் தூக்கினான்."

ஆக, வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது!

"அப்ப தினம் காலையில சாவி?"

"அரிசியில வண்டு வந்துடுச்சான்னு பார்க்கப் போவேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "வலிக்குதுன்னு எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா மறுநாளே காரை வித்துட்டு வந்து நிப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? ஓட்டும்போது கண்ணாடியில உன் முகத்தைப் பார்ப்பேன். அவ்வளவு சந்தோஷமா இருப்பே. அதைக் கெடுப்பானேன்?"

என்ன மனிதர் இவர் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் அரிசியை இறக்கிவிட்டுத் தபன்-தாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பின் சீட்ல உங்க வீட்டுக்கார தாதா உட்காருவார்னு நீங்க சொல்லவே இல்லையே, பௌதி! முதல்ல பின்னால ஏறுங்க." அவர் ஓட்ட, என் காரின் பின் சீட்டில் முதல்முறையாக உட்கார்ந்தேன். டிராம் தண்டவாளத்தில் ஏறியதும் "அம்மாடி" என்று நானே கத்தினேன். நடிக்கவில்லை.

கடைசியில் இறுக்கமான ஸ்போர்ட்ஸ் செட் வேண்டாம் என்று முடிவாயிற்று. அடியில் ஒரு திருகு இருக்கிற ஷாக் போட்டிருக்கிறோம். இந்தப் பக்கம் திருப்பினால் இளகும், அந்தப் பக்கம் திருப்பினால் இறுகும். அவர் வரும்போது இளக்கம், ஞாயிறு காலையில் நான் மட்டும் போகும்போது இறுக்கம். வண்டி அருமையாக இருக்கிறது. அவர் முதுகுக்கும் தேவலை.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. தபன்-தா, கடைக்காரர், கட்டின புருஷன்... ஒருவரையும் விடாமல் நான் சந்தேகப்பட்டேன். என் வீட்டுக்காரருக்கோ என்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. வலி என்று சொன்ன மறுநாளே காரை விற்றிருப்பேனாம்!

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அவர் காதுக்குப் போக வேண்டாம். விற்றிருக்க மாட்டேன்... "மெட்ரோவில் வாங்க" என்றுதான் சொல்லியிருப்பேன்.