மெத்தைக்காரர் ஓடிய ஓட்டம்

மெத்தை விற்கிறவர் வந்தவர்களைப் படுக்கச் சொல்ல வேண்டும். தொழிலே அதுதான். ஆனால் அந்தக் கடைத்தெருவின் மெத்தைக்காரர் சில வருடங்களாகப் படுத்தவர்களை எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

விரித்து வைத்த மெத்தையில் ஒருவர் படுத்துப் பார்த்து, சுகமாகக் கண்ணை மூடினால் போதும், இவர் தலைமாட்டில் வந்து நின்றுவிடுவார்.

"ராத்திரி எவ்வளவு நேரம் தூங்குவீங்க சார்?"

"எட்டு மணி நேரம் தூங்குவேன்."

"அவ்வளவா? படுத்தே கிடந்தா நெஞ்சு அடைச்சுக்கும் சார். காலையில எழுந்து ஓடணும்."

வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு கடை தள்ளியிருந்த கட்டில் கடையில் கட்டிலோடு மெத்தையையும் சேர்த்து வாங்கிப் போவார். கடையில் கூடமாட இருந்த மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, தலையில் அடித்துக்கொள்வான். "மாமா, நாம விக்கிறது மெத்தை. ஷூ இல்ல."

இந்தப் பைத்தியம் பிடித்தது அண்ணனின் சாவு வீட்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், அப்படியே போய்விட்டார். பிடியிலிருந்து ரிமோட்டை உருவுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: மனுஷன் உட்கார்ந்தே இருந்தார், உடம்பை அசைக்கவே இல்லை, அதான். அவர்களில் ஒருவர் மெத்தைக்காரரின் தொப்பையை ஒரு பார்வை பார்த்து, தோளைத் தட்டிவிட்டுப் போனார். அண்ணனுக்கும் இவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்தது நான்தான் என்று அந்தத் தட்டலிலேயே முடிவு கட்டிவிட்டார்.

மறுநாளே நடக்க ஆரம்பித்தார். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. தொப்பை கரைந்தது. மாடி ஏறும்போது முனகுவது நின்றது. பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்த்த மனைவி, பல்வலியோடு வந்தவர்களிடம்கூட அதைப் பெருமையாகச் சொன்னாள். அங்கேயே நிறுத்தியிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. நடை ஓட்டமானது. ஓட்டம் நீண்டுகொண்டே போனது. அது போதாதென்று ஜிம்மில் சேர்ந்தார். கூடத்தில் இரும்புக் குண்டுகள் வந்து குடியேறின. அவற்றில் கால் விரலை இடித்துக்கொள்ளாத ஆள் அந்த வீட்டில் கிடையாது. ஜுரம் அடித்தாலும் ஓடினார். முட்டி வீங்கினால் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடினார். மச்சினனின் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்க எல்லாரும் வரிசையாக நின்றபோது அவரைக் காணோம். இன்றைக்கும் அந்தப் படத்தில், ஜன்னலுக்கு வெளியே, மங்கலாக ஓர் உருவம் கடந்து போவது தெரியும். அதுதான் மாமா.

நெஞ்சு சில சமயம் மீன் துள்ளுவதுபோலத் துள்ளும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பலம் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் ஜிம்மில் போட்டி வைத்தார்கள். தோப்புக்கரணம் மாதிரி யார் அதிக நேரம் விடாமல் உட்கார்ந்து எழுகிறார்களோ அவருக்குப் பரிசு. மகன் வயதுப் பையன்களெல்லாம் ஒவ்வொருவராகச் சுவரோரம் சரிந்தார்கள். மெத்தைக்காரர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். மாஸ்டரே பயந்துபோய், "போதும் அண்ணே, நீங்கதான் ஜெயிச்சீங்க" என்று கையைப் பிடித்து நிறுத்தினார். பரிசு ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்.

அதற்கடுத்த நாள் கால் இரண்டும் கட்டையாகிவிட்டன. மாடியிலிருந்து குழந்தை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினார். கழிப்பறையில் குந்தவும் முடியாமல், நிமிரவும் முடியாமல், கதவுப் பிடியைப் பிடித்துத் தொங்கினார். அதெல்லாம் வெற்றியின் வலி என்று பொறுத்துக்கொண்டார். மத்தியானம் கடையில் சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனபோது, அவருக்குச் சந்தோஷமே வந்துவிட்டது.

"உடம்புல இருக்கிற விஷமெல்லாம் வெளிய போகுதுடா" என்றார் மச்சினனிடம்.

அவன் மூலையில் நின்ற மெத்தைக்குப் பின்னால் போய் அக்காவுக்கு போன் போட்டான். அவள் கிளினிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். பல்வலிக்காரர்களை வரிசையில் உட்காருங்க என்று அதட்டியே பழகியவள்.

"அடுத்த தடவை போறப்ப தண்ணி ஊத்தாதீங்க. நான் பாக்கணும்."

"கடையில வச்சு என்ன பேச்சு இது?"

"பாக்கணும்னா பாக்கணும்."

பார்த்தாள். தம்பி ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் என்று சுருட்டிய மெத்தையைத் தூக்குவதுபோல அவரைத் தூக்கி வண்டியில் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நல்ல கனமான ஆள். அவரைப் பார்த்ததுமே மெத்தைக்காரருக்கு நம்பிக்கை போய்விட்டது. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள்.

"இது விஷம்தானே டாக்டர்? வெளிய போறது நல்லதுதானே?"

"விஷம் இல்ல சார். நீங்கதான் அது. உங்க தொடை. தசை நொறுங்கி ரத்தத்துல கலந்திருக்கு, அதை வடிகட்ட முடியாம கிட்னி திணறுது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா மெஷின்லதான் ரத்தத்தைச் சுத்தம் பண்ணியிருக்கணும். அதுபோக, இதயம் தாளம் தப்பி அடிக்குது."

"உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லதுன்னு எல்லாரும்..."

"நல்லதுதான். வர்றவங்கள்ல பாதிப் பேர்கிட்ட கொஞ்சமாவது நடங்கன்னு நான் கெஞ்சிட்டிருக்கேன். ஆனா ஓய்வே குடுக்காம வருஷக்கணக்கா விரட்டினா சிலருக்கு இப்படி ஆகுது. மாத்திரை நல்லதுன்னு டப்பாவோட முழுங்குவீங்களா?"

மெத்தைக்காரர் தயங்கித் தயங்கி, தன் மனதில் இருந்ததைக் கேட்டார். "எவ்வளவு ஓடினா எத்தனை வருஷம் கூடும் டாக்டர்?"

"அப்படி ஒரு கணக்கு இருந்தா நானே ஓடியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி மெத்தை முதுகெலும்பை ஒவ்வொன்றாக விசாரிக்கும் ரகம். இதை விற்றவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். ஆனாலும் வேறு வழியில்லாமல் அசையாமல் கிடந்தார். கிடந்தபோது, இத்தனை நாளும் ஓடி ஓடித் தள்ளிவைத்த பயம் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மனைவி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் மாதிரி நானும் பொசுக்குன்னு போயிடுவேனோன்னு பயமா இருந்துச்சு" என்றார், கூரையைப் பார்த்தபடி.

"பயந்து ஓடி எங்க போய்ச் சேர்ந்தீங்க? சுத்திச் சுத்தி நம்ம வீட்டுக்குத்தானே வந்தீங்க."

அவள் ஒரு சுளையை அவர் வாயில் வைத்தாள்.

"அப்புறம், உங்க அண்ணன் ஒண்ணும் சோபாவால சாகல. டாக்டர் குடுத்த பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாத்தையும் அண்ணி பாக்காதப்ப பூந்தொட்டியில போட்டிருக்காரு. மண்ணை மாத்தறப்ப கொத்துக் கொத்தா வந்துச்சாம். அண்ணி என்கிட்ட சொல்லி அழுதாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னு வந்தேன். நீங்க ஓடப் போயிருந்தீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொடை வலித்தது, ஆனால் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அண்ணன் செத்ததற்கு அவர் அதுவரை அழுததே இல்லை. அவள் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்சப் பழத்தைத் தானே சாப்பிட்டாள்.

கிட்னி பிழைத்துக்கொண்டது. இதயத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். பேசிக்கொண்டே போகிற வேகத்தில் நடந்தால் போதும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. பேச்சுத் துணைக்கு மனைவியே வந்தாள். ஓடினதைவிட இது கஷ்டமாக இருந்தது. எதிரில் வருகிற ஒவ்வொருவரிடமும் நின்று, அவர்கள் வீட்டுக் கதையைத் தலையிலிருந்து கால்வரை கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். சில நாள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் கடை திறக்கும் நேரம் வந்துவிடும். கடையிலோ வியாபாரம் மெல்லத் தலைதூக்கியது. அதற்கு மச்சினன் செய்த ஒரே காரியம், வாடிக்கையாளர் படுத்ததும் மாமாவைக் கிடங்குக்கு அனுப்பிவைத்தது.

அதற்காக மனிதர் திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. சில மாதம் கழித்து, குளியலறையிலிருந்து புஸ், புஸ் என்று மூச்சுச் சத்தம் கேட்டது. மனைவி கதவருகில் போய் நின்றாள்.

"என்ன சத்தம்?"

"சோப்பு விழுந்துடுச்சு. எடுக்கறேன்."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் புஸ்.

"இப்ப என்ன?"

"அதே சோப்புதான்."

கதவு திறந்தது. முகம் நிறைய வேர்வை, வாளித் தண்ணீரைத் தொட்ட அடையாளமே இல்லை. திட்டு விழும் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் இடுப்பில் கை வைத்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"பத்தே பத்து. கதவைத் திறந்து வச்சுட்டுப் பண்ணுங்க. நான் எண்ணுறேன்."

அவர் உட்கார்ந்து எழுந்தார். அவள் சுவரில் சாய்ந்து எண்ணினாள். எட்டுக்கு அப்புறம் பத்து என்றாள். ஒன்பது எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை.