கதவு அறிந்த பெயர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்த அறைக்குள் நின்றவன் நான்.

பளையில் ஒரு தேங்காய் எண்ணெய்க் கம்பனியின் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். தரவுகளைப் பிரதியெடுத்து வைக்கும் மென்பொருளில் ஓட்டை இருப்பதாக அறிவித்தல் வந்தது. கடவுச்சொல் இல்லாமலே யாரும் உள்ளே புகுந்து, பழைய பிரதியைப் புதியதன் மேல் ஏற்றிவிடலாமாம். அதை அடைக்கும் திருத்தத்தைப் போட, சனிக்கிழமை மதியம் எல்லோரும் போன பிறகு சேர்வர் அறைக்குள் நுழைந்தேன். ஜன்னல் இல்லை. இரும்புக் கதவு. உள்ளே போகவும் விரல் வைக்க வேண்டும், வெளியே வரவும் வைக்க வேண்டும். வேலை நேரத்தில் நழுவுகிறவர்களைப் பிடிக்க முதலாளி கண்டுபிடித்த வித்தை! போன் வெளியே சார்ஜில் கிடந்தது.

திருத்தம் பாதி ஏறியிருக்கும். திரையில் இன்னொரு வேலை தானாகத் தொடங்கியது. கதவின் பெயர்ப்பதிவு மேல் ஏதோ பழைய பிரதி ஏறிக்கொண்டிருந்தது. யாரோ களவாகப் புகுந்துவிட்டான் என்று இணைய வயரைப் பிடுங்கினேன்.

அப்போதும் ஓடியது...

முடிந்ததும் கதவில் விரலை வைத்தேன். சிவப்பு. "பதிவு இல்லை."

அந்தப் பிரதி நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தியது. அதில் நான் ஏது? இன்றைய பிரதியைத் தேடுவதற்குள் கரண்ட் போனது. ஏசி நின்றது. கதவின் சின்னத் திரை மட்டும் பற்றரியில் எரிந்தது.

அடித்தேன். கத்தினேன். திங்கட்கிழமை வரை யார் வருவார்கள்? மூச்சு இழுக்க இழுக்கப் போதவில்லை. பயத்தில் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அப்போது... பீப்.

பச்சை.

நான் விரல் வைக்கவில்லை.

திரையில் எழுத்து வந்தது. "ராஜினி. வெளியேறினார்."

கதவு திறந்தது. எனக்கு முன்னால் சேலை உரசும் சத்தம்...

பாய்ந்தேன்.

மூடிவிட்டது.

எவ்வளவு நேரமோ தெரியாது. காவலாளி சிவராசா அண்ணை அலவாங்குக் கம்பியால் கதவை நெம்பித் திறந்தார்.

"உள்ளுக்கை ஆள் நிக்குது, கெதியாத் திறவுங்கோ எண்டு ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்து சொன்னவா, தம்பி. அதான் ஓடி வந்தனான்."

"எங்கை அவா?"

"கேற்றாலை வெளியிலை போயிட்டா. வேர்த்து ஊத்தினபடி."

திங்கட்கிழமை கதவுக்குக் கல் முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் திருத்தத்தை முடித்தேன். பிறகு கணக்குப் பிரிவு நேசமலர் அக்காவிடம் விசாரித்தேன். ராஜினி எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர். வேலையை விட்டுப் போகிறவரின் பெயரைக் கடைசி நாள் மதியமே அழித்துவிடுவது கம்பனி வழக்கம். அவரது கடைசி நாளும் ஒரு சனிக்கிழமை; அன்று மதியமும் அழித்தார்கள். அவர் உள்ளே நின்று கடைசிப் பிரதியை எடுத்துக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பிரதிதான் நான் அகப்பட்ட அன்று ஏறியது. கதவு அவரை அறிந்திருந்த கடைசிப் பிரதி.

நேசமலர் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"திங்கள் காலமை நாங்கள் கதவைத் திறக்கேக்கை மூச்சில்லை... விரலை அதிலை வச்சபடியே இருந்தவா."