மணி என்று தூக்கியது

ஆமை என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிடுவார்கள். தரையில் அவன் நடக்கிற நடைக்கு வைத்த பெயர். தண்ணீருக்குள் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. முந்நூறு வருடமாகக் கடலடிச் சேற்றில் கிடக்கும் ஒரு கப்பலிலிருந்து சாமான்களை மேலே ஏற்றும் குழுவில் அவன் முக்குளிப்பவன்.

அந்தக் கப்பலைப் பற்றிக் கதைக்குப் பஞ்சமே இல்லை. தங்கம் கிடக்கிறதாம், கேப்டன் இன்னும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாராம். ஆமை எல்லாவற்றையும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவான். ஒன்றை மட்டும் அப்படி விட முடியவில்லை, அது அவன் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தது. கப்பல் மணியைத் தொட்டவன் ஒரு வருடம் தாங்க மாட்டான் என்பது அந்தக் கதை. மனைவியின் அண்ணனும் இதே குழுவில் முக்குளித்தவன்தான். ஒருநாள் மேலே வந்து, "மணியத் தொட்டுட்டேன், அடையாளத்துக்குக் கயிறும் கட்டியிருக்கேன்" என்றான். அந்த வாரமே புயல் அடித்து மணல் மூடிவிட்டது. வருடம் திரும்புவதற்குள் நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்தான்.

இப்போது மணல் விலகியிருந்தது. இறங்க வேண்டியது ஆமை.

"நீங்க அதத் தொட்டீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"நான் தொடலன்னா வேற எவனாவது தொடப் போறான்."

"தொடட்டும். அவனுக்கும் பொண்டாட்டி இருப்பா, அவ கவலைப்படட்டும்."

"உங்கண்ணன் எத்தன சிகரெட்டு ஊதினான்னு உனக்குத் தெரியாதா?"

"செத்தவரக் குறை சொல்லாதீங்க."

காலையில் அவன் படகுக்குப் போனான், அவள் பையோடு கிளம்பினாள்.

கீழே ஒரே கலங்கல். அங்கே கைதான் கண். தடவிப் பார்த்தான்: வளைந்த விளிம்பு, கவிழ்ந்த வயிறு, மேலெல்லாம் சிப்பி அப்பியிருந்தது. ஓரத்து வளையத்தில் நைலான் கயிறு. மச்சான் இடதுகைக்காரன், முடிச்சு மாறிப் படுத்திருந்தது. சந்தேகமே இல்லை. பாரம் தூக்கும் காற்றுப் பையை அதில் மாட்டி, படகுக்குப் போகும் கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தான்.

கரையில், கொட்டகைத் தொட்டியின் நல்ல தண்ணீரில் அதை மல்லாத்தி வைத்தார்கள். மேற்பார்வை பார்க்கும் அம்மா உள்ளிருந்த சேற்றை வழித்தார். மணியின் நாக்கு தொங்குவதற்குக் கொக்கி இல்லை. எதிர்ப்பக்கமும் ஒரு வளையம் இருந்தது. அடியில் கரி.

"இது மணி இல்லப்பா. சமையல் அண்டா."

"முந்நூறு வருஷம் ஊறியும் அடிப்பிடிச்சது போகல பாரு! எந்தப் புண்ணியவான் சமைச்சானோ!" என்றான் படகோட்டி. கொட்டகையே சிரித்தது. ஆமை மட்டும் மனைவிக்குப் போன் போட்டான்.

அவள் வந்து தொட்டியருகே நின்றாள்.

"அப்ப எங்கண்ணன் தொட்டது?"

"இதத்தான். முடிச்சப் பாரு."

வெகுநேரம் பார்த்தாள். "அண்டாவத் தொட்டா யாரும் சாக மாட்டாங்கல்ல?" என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். சாவு வீட்டில்கூட அவள் இப்படி அழுததில்லை. அன்றைக்கு முழுக்க மணியைச் சபித்துக்கொண்டே இருந்துவிட்டாள்.

"பாவி மனுஷா, அந்தச் சிகரெட்ட விடுண்ணான்னு எத்தன தடவ சொன்னேன்!"

சாயங்காலம் பையோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். மணி இன்னும் கீழே எங்கோதான் கிடக்கிறது. ஆமை தினமும் இறங்குகிறான், அவள் தடுப்பதில்லை.

"எனக்கு அந்தக் கதையில எல்லாம் நம்பிக்க போயிடுச்சு" என்கிறாள். "இருந்தாலும் கிடைச்சா, கையுறை போட்டுக்கிட்டுத் தொடுங்க."