சோற்றுக்கு முன் ஒரு கையெழுத்து

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் குடியிருக்கும் பொடியனை நாடு கடத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மன்னாரைச் சேர்ந்த முஸ்லிம் பிள்ளை. கூரை போடும் வேலைக்குப் போவான். வாடகைக்கு இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு அமைதி. அவனுடைய அகதிக் கோரிக்கை தள்ளுபடியாகிவிட்டது. மனைவி கனடாப் பிரஜை, நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. புருஷனை இங்கேயே வைத்துக்கொள்ள அவள் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பம் யாரோ ஒருவருடைய மேசையில் உறங்கிக் கிடக்க, அதற்குள் இவனை விமானம் ஏறச் சொல்லி நாளும் குறித்துவிட்டார்கள். பிள்ளை இங்கே பிறக்கும், தகப்பன் கொழும்பில் இருப்பான். இது என்ன நியாயம் என்று நான் குசினியில் பாத்திரங்களோடு சண்டை பிடித்தேன்.

"சட்டி பானை என்ன செய்தது? வாரும், எம்.பி.யிட்டப் போவம்" என்றார் என் கணவர்.

எம்.பி.யின் அலுவலகத்தில் இருந்தவள் இங்கேயே பிறந்த ஒரு தமிழ்ப்பிள்ளை. ஒரு தனி ஆளுக்காகவும் பாராளுமன்றத்தில் மனுக் கொடுக்கலாம் என்பதே அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எம்.பி. அதைச் சபையில் எழும்பிச் சொல்லுவார், பிறகு அமைச்சரைப் பிடித்து விசேட அனுமதி கேட்பார், கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் நிறையக் கையெழுத்து இருந்தால் நல்லது என்றாள்.

"நிறைய" என்றதும் என் கணவருக்குக் குஷி பிறந்துவிட்டது. அவர் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் கூட்டம் அந்த ஞாயிறு மார்க்கம் நகரில் நடந்தது. தாள்களோடு போனவர், ஏதோ தேர்தலில் வென்றவர் மாதிரித் திரும்பி வந்தார். அலுவலகப் பிள்ளை தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். வீட்டுக்கு ஒருவர் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் "மற்றும் குடும்பத்தினர்" என்று எழுதியிருந்தார்கள். கலியாண வீட்டுக் காசு என்வலப்பில் எழுதிப் பழகிய கைகள்.

"அங்கிள், குடும்பத்தினர் எண்டு ஒரு ஆள் இல்லை. எவ்ரிபடி தாங்களே சைன் பண்ணவேணும்."

"தாய் தகப்பன் போட்டால் பிள்ளையளும் போட்ட மாதிரித்தானே?" என்று வாதாடப் பார்த்தார். நான் அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். காரில் ஏறியதும் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை என் மச்சாளின் பிறந்தநாள் விழா, அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபத்தில். எங்கள் சனம் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும் என்று ஆண்டவனுக்கும் தெரியாது. ஆனால் சாப்பிடாமல் ஒருவரும் போகமாட்டார்கள். மச்சாளிடம் அனுமதி கேட்டேன் என்று சொல்ல முடியாது, அறிவித்தேன். சாப்பாட்டு வரிசையின் தொடக்கத்தில், சாப்பாட்டுக் கோப்பைகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு, பட்டுச்சேலையோடு உட்கார்ந்துகொண்டேன்.

"முதல்ல கையெழுத்து, பிறகு சோறு. ஆளுக்கொண்டு, அவரவர் கையால."

புரியாணி வாசம் எனக்குப் பெரிய துணை. இங்கே பிறந்த பெடியள் ஒரு கேள்வி கேட்கவில்லை, போட்டுவிட்டுக் கோப்பையை எடுத்தார்கள். பிக்கரிங்கில் இருந்து வந்த ஒரு அங்கிள்தான் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு மனுவில் இருந்த பொடியனின் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"உவன் ஆர்? எங்கட ஆளோ?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "என்ர ஆள், அங்கிள். போடுங்கோ. பின்னுக்குச் சனம் பசியோட நிக்குது."

போட்டார். அவருடைய மனைவியும் போட்டார், அவரைவிடப் பெரிய எழுத்தில்.

எம்.பி. சபையில் எழும்பிய அன்று நாங்கள் எல்லோரும் பேஸ்மென்டில் டிவிக்கு முன்னால் இருந்தோம். அவர் நாலு வசனம் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவுதானோ அக்கா?" என்று பொடியனின் மனைவி கேட்டாள். எனக்கும் ஏமாற்றம்தான். அவளிடம் அதைக் காட்டவில்லை.

விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அலுவலகப் பிள்ளை போன் எடுத்தாள். ஸ்பொன்சர் முடிவு வரும்வரை இருக்கலாம், அமைச்சர் அனுமதி கொடுத்துவிட்டார். அப்போதுதான் நான் அழுதேன், அதுவும் ஊருக்கே கேட்கிற மாதிரி.

ஒரு கிழமை கழித்துக் கதவைத் தட்டினான் பொடியன். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"அக்கா, கீழ ஹீட்டர் சரியா வேலை செய்யேல்லை. போன குளிருக்கும் அப்பிடித்தான்."

போன குளிர் முழுக்க அவர்கள் விறைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். வீட்டுக்காரியான என்னோடு முகம் முறிந்தால் அது எங்கே போய் முடியுமோ என்ற பயத்தில் ஒரு சொல் சொல்லவில்லை. குற்றம் என்னுடையதுதான். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"ஓகோ, இப்ப வாய் திறக்குதோ உனக்கு!" என்று கத்தினேன்.

அவன் பின்வாங்கவில்லை. வாசலிலேயே நின்றான்.

"ஓம் அக்கா. எப்ப திருத்தித் தருவீங்கள்?"