இரும்புக்கு மேல் இரும்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். "பார்த்தியா, கறி தின்னாததால வந்த வினை" என்று சிரிக்க ஒரு கூட்டம் காத்திருக்கிறதே! வடலூர் ஜோதி மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இப்போது எழுதுகிறேன்.

என் மனைவிக்குத் தீராத சோர்வு. துணி துவைத்துவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. உள்ளங்கால் வேறு மரத்துப்போனது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒற்றைச் செருப்போடு வருவாள். அவளுக்கு ஒரே கவலைதான்: தைப்பூசத்துக்கு வடலூர்வரை நடக்க முடியுமா?

எங்கள் டாக்டர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மி, ஃபுல் பேக்கேஜ் எடுத்துடுங்க" என்றார். ரத்தப் பரிசோதனையில் பேக்கேஜ் என்பது கல்யாணப் பந்தி மாதிரி. பசியோ இல்லையோ, இலை நிறைய வைத்துவிடுவார்கள். தைராய்டு சௌக்கியம், கிட்னி சௌக்கியம், கொழுப்பும் சௌக்கியம். ஆள்தான் சௌக்கியமில்லை. டாக்டர் அத்தனை பக்கத்தையும் புரட்டி, ரத்த அளவு என்ற ஒரே வரியைப் பார்த்து இரும்பு மாத்திரை எழுதினார். ரத்தம் ஏறவில்லை. மறுபடி அதே பேக்கேஜ், வேறு கம்பெனி இரும்பு. எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் இயந்திரமாய் நிற்கிற இரும்பெல்லாம் போதாதென்று அவள் வயிற்றிலும் இறக்கினோம்.

அடுத்த முறை லேப் பெண்ணிடம் அவளே கேட்டுவிட்டாள்: "இருக்கிற கொஞ்சத்தையும் நீ எடுத்துக்கினா, நான் எத்த வச்சிக்கினு வூட்டுக்குப் போறதும்மா?"

பக்கத்து வீட்டுக்காரம்மா வேறு வைத்தியம் வைத்திருந்தார்: ஆட்டு மண்ணீரல். "ஆட்டுச் சுவரொட்டி வறுத்துக் குடுங்கண்ணே, அண்ணி துள்ளிக்கினு ஓடும்."

"அந்த ஆடும் துள்ளிக்கினுதான் இருந்துச்சு" என்றாள் என் மனைவி.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போனவள் கால் தடுமாறி விழுந்தாள். அன்றைக்கே வேறொரு பெண் டாக்டரிடம் போனோம். கட்டுக் கட்டான பேக்கேஜ் ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, அவர் முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டார்.

"கறி, மீன்?"

"கல்யாணத்துலேர்ந்தே இல்லீங்க."

"பால், தயிர்?"

"கன்னுக்குட்டி வவுத்துல அடிக்கக் கூடாதுன்னு அதையும் வுட்டுட்டேங்க. வருஷக்கணக்காச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு தாளை உருவிப் பார்த்தார். "இரும்பு குறைஞ்சா சிவப்பணு பெரும்பாலும் சின்னதாகும்மா. உங்களுக்குப் பெருத்திருக்கு. காலும் மரத்துப்போகுது. கறி, மீன், பால்லதான் கிடைக்கிற வைட்டமின் பி12 பார்த்தா இப்போதைக்குப் போதும்."

சிவப்பணுவின் அளவு ஒவ்வொரு பேக்கேஜிலும் இருந்ததாம். பந்தியில் உப்பை யார் கவனிக்கிறார்கள்?

பி12 அடிமட்டத்தில் இருந்தது. ஊசி என்றார் டாக்டர். இவள் கையை இழுத்துக்கொண்டாள். "அதுல உயிர் எதுனா சேர்ந்திருக்குங்களா?"

"கிருமியை வளர்த்து எடுக்கிறதும்மா."

"கிருமியும் உயிருதானுங்களே?"

"உங்க வயித்துக்குள்ளயே கோடி கோடியா இருக்கு. தினம் அதுங்களுக்கு அன்னதானம் போடுறீங்க. அதுங்க சொந்தக்காரங்க பதிலுக்கு ஏதோ குடுக்குதுங்க, வாங்கிக்குங்க."

அன்னதானம் என்றதும் கையை நீட்டிவிட்டாள்.

அந்தத் தைப்பூசத்துக்குப் பஸ்ஸில்தான் போனோம். அதற்கடுத்த வருடம் நடந்தே போனாள். இடது கால் விரல்கள் மட்டும் இன்னும் மரத்தே இருக்கின்றன. தாமதமாக வந்ததற்கு அது கூலி என்றார் டாக்டர். ஜோதி தெரிந்தபோது அவள் அழுதாள், நானும்தான்.

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் இப்படியே சொல்லுங்கள். சைவம் கெடுத்தது என்று சேர்க்க வேண்டாம், அவள் இன்றும் சைவம்தான். சாமி குணமாக்கியது, ஊசி தேவையில்லை என்றும் திரிக்க வேண்டாம். அந்த ஊசியை அனுப்பியதே சாமிதான்.