மாப்பிள்ளை முகத்தில் டர்பன்டைன்

“போட்டோவுல இருக்க பொண்ணைக் கூப்பிடுங்கன்னு சொல்லுதாவம்மா! எம்மவ காப்பித் தட்டோட முன்னால நிக்கா, அவளைப் பார்த்துக்கிட்டே சொல்லுதாவ!”

சண்முகத்தாய் எங்கள் தென்காசி ஸ்டுடியோவுக்குள் நுழைந்து இப்படிச் சத்தம் போட்டதும், என் வீட்டுக்காரர் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போகட்டும், தப்பு என்னுடையதுதான். படம் பிடிப்பது அவர். நெகட்டிவில் பென்சில் வைத்து முகத்தைச் சரிசெய்யும் ‘டச்சிங்’ வேலை நான். அழகாக்கினாலும் ஏச்சு, ஆக்காவிட்டாலும் ஏச்சு என்றிருக்கும் ஒரே தொழில் இதுதான் என்று நினைத்திருந்தேன். அப்புறம்தான் சமையலும் அப்படித்தான் என்று ஞாபகம் வந்தது. தினமும் உலை வைக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

சண்முகத்தாயின் மூத்த மகள் சொர்ணம், ஆரம்பப் பள்ளி டீச்சர். சின்ன வயதில் அம்மை போட்டுக் கன்னமெல்லாம் குழி. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். குழி வெளிறித் தெரியும். ஊசி மாதிரிச் சீவிய பென்சிலால் அங்கே பொடிப்பொடியாகப் புள்ளி வைத்தால், பிரிண்டில் குழி தூர்ந்துவிடும். கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் எம்பிராய்டரி சொல்லித்தந்து பழக்கிய கை எனக்கு. ஒரு குழி விடாமல் தூர்த்திருந்தேன். அதைப் பார்த்து வந்து, ஆளைப் பார்த்துத் திரும்பிப் போனது இது இரண்டாவது இடம். மூன்றாவதும் தட்டினால் இளையவளுக்கு முடித்துவிடுவதாக அவள் அப்பா சொல்லிவிட்டாராம். சண்முகத்தாய் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னது இது:

“அடுத்த தடவை கொஞ்சம் கம்மியா அழகாக்குங்க தாயி!”

குற்றாலத்து எண்ணெய்

கம்மியாக அழகாக்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. சாரல் சீசனில் வருகிற கூட்டத்தைக் கேளுங்கள். உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்து, ஐந்தருவியில் நின்று, பாதி எண்ணெய் இன்னும் உடம்பில் இருக்கும்போதே பஸ் ஏறி எங்களிடம் வருவார்கள். விளக்கைப் போட்டால் நெற்றியில் இன்னொரு விளக்கு எரியும். நெகட்டிவில் அது கறுப்புத் திட்டாக அப்பிக்கொள்ளும். சின்னக் கத்தியால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டவேண்டும்.

கீழப்பாவூர் அண்ணாச்சி ஒருவருக்கு அப்படிச் சுரண்டி, அப்போதுதான் முகம் கழுவி வந்தவர் போலப் பண்ணிக் கொடுத்தேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

“எண்ணெய் மினுக்கத்தையே காணலையே, நான் குத்தாலம் போனேன்னு ஊர்ல எவன் நம்புவான்?”

ஏட்டையாவின் வெட்டு

அடுத்தவர் ரிட்டயர் ஆகப்போகிற ஏட்டையா. மீசை, பெல்ட், பதக்கம் எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இடது புருவத்துக்கு மேலே ஒரு வெட்டுத் தழும்பு. எனக்கு அன்றைக்கு அடுப்பில் பருப்பு, அவசரம். நாலே இழுப்பில் தழும்பை மறைத்துவிட்டு, நல்ல வேலை என்று என்னையே மெச்சிக்கொண்டு பருப்பை இறக்கப் போனேன்.

மறுநாள் அவர் படத்தை மேஜைமேல் வைத்தார். கோபமே இல்லை. பிள்ளையைத் தொலைத்தவர் குரலில் கேட்டார்:

“கள்ளன் வெட்டுனதை முப்பது வருசமா வச்சிருந்தேன், ஒரே நாள்ல எடுத்துட்டியளே தாயி!”

சொர்ணம் சொன்னது

அன்றுதான் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன். வந்துவிட்டுப் போகிறதை எடுக்கலாம்: வேனல் கட்டி, கொசுக்கடி, தூங்காத கண்ணின் வீக்கம். ஆளோடு கூடவே வருவதைத் தொடக்கூடாது.

மூன்றாவது இடம் புளியங்குடி, எலுமிச்சை மண்டிக்காரர்கள். புதுப்படம் எடுக்க சண்முகத்தாய் மகளைக் கூட்டிவந்தாள். தாய்க்காரி எதிர்த்த கடையில் பூ வாங்கப் போன இடைவெளியில் சொர்ணம் என் பக்கம் குனிந்தாள். “தாடையில இருக்க பருவை மட்டும் எடுங்கக்கா. அது நேத்து வந்தது. மத்ததெல்லாம் எனக்கு ஆறு வயசுலேருந்து சொந்தம்.”

பருவை எடுத்தேன். குழிகளுக்குள் விழுந்த நிழலை மட்டும் ஒரு நூலிழை லேசாக்கினேன். விளக்கு செய்த கொடுமை அது, அவள் முகம் செய்ததில்லை. குழிகள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் கை ‘இன்னும் ஒன்று’ என்றது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். சாம்பார் அடிப்பிடித்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் பிரிண்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இருபது வருஷத் தாம்பத்தியத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு இது. பாராட்டு என்று அவருக்குத் தெரியாது:

“ரெண்டு மணி நேரமா என்னத்தைச் செஞ்சே, அந்தப் பிள்ளை அப்படியேதான இருக்கு?”

பளிங்கு மாப்பிள்ளை

ஒரு வாரத்தில் சொர்ணம் தனியாக ஓடிவந்தாள். கையில் மாப்பிள்ளையின் படம். “பளிங்கு மாதிரி இருக்காவக்கா. என்னைப் பார்த்தா இவுகளும் எந்திரிச்சிப் போயிருவாவ.”

வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன். பின்பக்கம் எங்கள் ஸ்டுடியோ முத்திரை! போன சீசனில் கூட்டாளிகளோடு குற்றாலம் வந்த ஆள். பளிங்காக்கிய புண்ணியவதி நானேதான். பழைய பெட்டியில் நெகட்டிவைத் தேடி எடுத்தேன். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு ஒரே துடைப்பு; என் பென்சில் வேலை முழுக்க வழிந்து போயிற்று. செய்திருக்கக்கூடாதுதான். செய்தேன். பிரிண்ட் போட்டுத் தண்ணீரில் அலசும்போதே தெரிந்தது: மாப்பிள்ளைக்கும் அம்மைக் குழி, இவளைவிட இரண்டு பங்கு. ஈரப்படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சொர்ணம் ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இப்பத்தான்க்கா இதுக்குள்ள ஒரு ஆளு இருக்காவ!”

பெண் பார்க்க வந்த அன்று

சண்முகத்தாய் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். “ஏச்சு விழுந்தா நீங்களே வாங்கிக்கிடுங்க” என்று முன்வரிசையில் உட்காரவைத்தாள். மாப்பிள்ளை, வியர்வையைத் துடைப்பது போலக் கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்தியபடியே இருந்தார். சொர்ணம் காப்பித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா படத்தைத் தூக்கிப் பிடித்தார். படம், பெண், படம், பெண். சொர்ணத்தின் அப்பா வாசலைப் பார்த்தார், இவர்கள் எழுந்து போகும் வழி அது.

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றார் அந்த அம்மா. “இப்படி ஒரு படத்தை நான் பார்த்ததே இல்ல. பொண்ணு ஏதாவது சொல்லணுமா?” பெண்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போவதுதான் வழக்கம். இவள் டீச்சர் அல்லவா, வகுப்பில் பேசும் குரலிலேயே சொன்னாள்:

“கன்னத்துல இருக்க அந்த லேஞ்சியை எடுக்கச் சொல்லுங்க அத்தே, நான் எல்லாத்தையும் படத்துல பார்த்துட்டேன்!”

கல்யாணப் படம்

கல்யாணத்தன்று சம்பந்திகள் இருவரும் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி மகனுக்கு மட்டும் கொஞ்சம் பென்சில் என்றாள். மற்றவள், அப்படியானால் மகளுக்கும் என்றாள். படம் முதலில் விழட்டும் என்று இருவரையும் அதட்டினேன். விழுந்தால்தானே? மாலையும் கழுத்துமாக நின்ற இரண்டும், ஒருவர் கன்னத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஆடியதில் இரண்டு பிளேட் பாழாகி, “ஒரே ஒரு நிமிசம் கேமராவையும் பாருங்களேன்” என்று என் வீட்டுக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து கெஞ்சியதற்கு இதுவரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.